சீனத் தலைமையை இயக்குவது கன்பூசியஸா, கட்சியா, பழைய காயமா?

திருப்பூர் செல்வம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். தையல் மெஷின் உதிரி பாகம் வாங்க 2006-லேருந்து சீனாவுல ஜெஜியாங் மாகாணத்துத் தைச்சோவுக்குப் போய்வந்துட்டு இருக்கேன். சீன அரசியல் பத்தி நம்ம பக்கம் வர்ற கட்டுரைங்க ரெண்டே வகைதான். "ஐயாயிரம் வருஷப் பண்பாடு, நூறு வருஷத்துக்குத் திட்டம் போடுறவங்க"ன்னு ஒண்ணு. "கம்யூனிஸ்ட் சர்வாதிகாரம், அவ்வளவுதான்"னு இன்னொண்ணு. நேர்ல பார்த்த எனக்கு ரெண்டுமே பொருந்தி வரல.

என் சப்ளையர் ஒருத்தர் இருக்கார். தொழிற்சாலை வாசல்ல நுழைஞ்சதும் குவான் யூங்கிற போர்வீரர் சாமி சிலை. சிவந்த முகம், நெஞ்சு வரைக்கும் தாடி, கையில ஆள் உயரத்துக்கு ஆயுதம். காலையில மூணு ஊதுபத்தி ஏத்தி, ஆரஞ்சுப் பழம் வெச்சுக் கும்பிட்டுட்டுத்தான் மெஷினை ஓட விடுவார். அதே ஆள் மத்தியானம் சாப்பாட்டு மேசையில போனை எடுத்து ஒரு சிவப்புச் செயலியைத் திறந்து, வினாடி வினாவுக்கு மளமளன்னு பதில் அழுத்துறார். என்னன்னு கேட்டேன். 'ஷுவேஷி ச்சியாங்குவோ'. 2019 ஜனவரியில கட்சியோட பிரசாரத் துறை கொண்டு வந்தது. தலைவரோட உரையைப் படிச்சா புள்ளி, காணொளி பார்த்தா புள்ளி, கேள்விக்குப் பதில் சொன்னா புள்ளி. 'ஷுவேஷி'ன்னா படிப்பு. தலைவர் ஷி ஜின்பிங்கைப் படின்னும் அதே எழுத்துல அர்த்தம் வரும். அவர் கட்சி உறுப்பினர். முதலாளிகளும் கட்சியில சேரலாம்னு முந்தைய தலைவர் ஜியாங் ஜெமின் காலத்துல கதவு திறந்தப்ப சேர்ந்தவர்.

ஒரு தடவை பெய்ஜிங்ல யுவான்மிங்யுவான் இடிபாட்டுக்குக் கூட்டிட்டுப் போனார். 1860-ல பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைங்க கொள்ளையடிச்சுக் கொளுத்தின அரண்மனைத் தோட்டம். பள்ளிக்கூடப் பிள்ளைங்க வரிசையா உட்கார்ந்து, விழுந்து கிடக்கிற பளிங்குத் தூண்களைப் பென்சில்ல வரைஞ்சுட்டு இருந்தாங்க. அவர் கொஞ்ச நேரம் எதுவுமே பேசல.

தைவான், எல்லை, வர்த்தகம்னு பெரிய முடிவு எடுக்கிறப்ப அந்தத் தலைவருங்க மனசுல பேசுறது எது? ஊதுபத்தியா, செயலியா, இடிஞ்ச தூணா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மீனாட்சி டீச்சர் எழுதியது:

செல்வம், நல்ல கேள்வி. முப்பது வருடம் வரலாறு நடத்தியவள் என்ற முறையில் ஒரு சிலையின் கதையைச் சொல்கிறேன்.

2011 ஜனவரியில் தியானன்மென் சதுக்கத்தின் கிழக்கே, தேசிய அருங்காட்சியகத்தின் வாசலில் பழங்காலத் தத்துவ ஞானி கன்பூசியஸுக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். ஒன்பதரை மீட்டர் உயரம், 17 டன் எடை. மாவோவின் படம் தொங்கும் அதே சதுக்கம். "இனி சீனாவின் முகம் கன்பூசியஸ்தான்" என்று உலகமெங்கும் எழுதினார்கள். ஏப்ரலில் ஒரு நாள் விடியும்போது சிலை அந்த இடத்தில் இல்லை. இரவோடு இரவாக அருங்காட்சியகத்தின் உள்முற்றத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஏன் என்று அரசு விளக்கவே இல்லை.

இதற்குப் பின்னால் அரை நூற்றாண்டு இருக்கிறது. 1966 நவம்பரில், கலாசாரப் புரட்சியில் மாவோவின் இளைஞர் படையான செங்காவலர்கள் கன்பூசியஸின் ஊரான சூஃபூவுக்கு ரயிலேறிப் போய் நினைவுக் கற்களை உடைத்தார்கள், வம்சத்தாரின் கல்லறைகளைத் தோண்டினார்கள். 1974-ல் 'லின்னை (மாவோவுக்கு எதிராகச் சதி செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட தளபதி லின் பியாவ்) விமர்சி, கன்பூசியஸை விமர்சி' என்று நாடெங்கும் இயக்கமே நடந்தது. 2004-ல் அதே கட்சியின் அரசு தென்கொரியாவின் சோலில், சீன மொழியும் பண்பாடும் கற்பிக்கும் முதல் கன்பூசியஸ் கல்வி நிலையத்தைத் திறந்தது. 2013 நவம்பரில் ஷி ஜின்பிங் சூஃபூவுக்கே போய் வந்தார்.

ஐம்பது வருடத்துக்குள் ஒரே மனிதரின் கல்லறையைத் தோண்டியும், அவர் பெயரை உலகமெங்கும் பலகையில் எழுதியும் இருக்கிறார்கள் என்றால், அந்த மனிதர் இவர்களை இயக்கவில்லை. இவர்கள்தான் அவரை எடுக்கிறார்கள், வைக்கிறார்கள். பண்பாடு ஒரு பரண். எந்தப் பாத்திரம் எப்போது கீழே இறங்கும் என்பதை வீட்டுக்காரர் முடிவு செய்கிறார்.

தோழர் கரிசல் எழுதியது:

டீச்சர் சொன்ன பரண் உவமை பிடித்திருக்கிறது. அந்த வீட்டுக்காரர் யார் என்றுதான் பேச வேண்டும். அது கட்சி. சுமார் பத்துக் கோடி உறுப்பினர்கள். அதன் உச்சியில் அரசியல் குழுவின் நிலைக்குழு, இப்போது ஏழு பேர். ராணுவம் நாட்டின் ராணுவம் அல்ல, கட்சியின் ராணுவம். துப்பாக்கியைக் கட்சி ஆள வேண்டும், துப்பாக்கி கட்சியை ஆளக்கூடாது என்று மாவோ 1938-ல் சொன்னது இன்றும் அங்கே சட்டத்துக்கு மேலான சட்டம்.

மார்க்சியத்தை வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்கள் 2017-ன் 19-வது கட்சி மாநாட்டைப் பார்க்க வேண்டும். சமூகத்தின் 'முதன்மை முரண்பாடு' எது என்று கட்சி வரையறுத்தால் மொத்த அரசுக் கொள்கையும் அதன் பின்னால் திரும்பும். 1981 முதல் அது மக்களின் வளரும் தேவைக்கும் பின்தங்கிய உற்பத்திக்கும் இடையிலான முரண்பாடு. 2017-ல் அதை மாற்றி, நல்வாழ்வுக்கான மக்களின் விருப்பத்துக்கும் சமனற்ற, போதாத வளர்ச்சிக்கும் இடையிலான முரண்பாடு என்றார்கள். உற்பத்தியைப் பெருக்கு என்ற ஒற்றை இலக்கு போய், வளர்ச்சியைச் சீர்செய் என்ற இலக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் தனியார் டியூஷன் நிறுவனங்கள் மீதும் இணைய ஜாம்பவான்கள் மீதும் கை வைத்தது திடீர்க் கோபத்தில் நடந்ததல்ல. மாவோவின் 1937-ம் ஆண்டுக் கட்டுரையிலிருந்து வரும் சிந்தனை முறை அது.

சிங்கை வளவன் எழுதியது:

தோழர், சித்தாந்தம் வெளியுறவை வழிநடத்துகிறது என்றால் 1973 சிலியை எப்படி விளக்குவீர்கள்? சோஷலிஸ்ட் அதிபர் அயெந்தேவைக் கவிழ்த்து ராணுவத் தளபதி பினோசெட் வருகிறார். சோவியத் ஒன்றியம் உறவை முறித்துக்கொண்டது. மாவோவின் சீனா முறிக்கவில்லை, தூதரகத்தைத் தொடர்ந்து நடத்தியது. 1969 மார்ச்சில் உசூரி நதித் தீவில் சீனாவும் சோவியத்தும் சுட்டுக்கொண்டன. இரண்டும் கம்யூனிஸ்ட் நாடுகள். மூன்றாம் ஆண்டில் அமெரிக்க அதிபர் நிக்சன் பெய்ஜிங்கில் விருந்து சாப்பிட்டார். 1979 பிப்ரவரியில் கம்யூனிஸ்ட் சீனா கம்யூனிஸ்ட் வியட்நாமுக்குள் படையை அனுப்பியது.

பண்பாடுதான் காரணம் என்பவர்களுக்கும் ஒரு கேள்வி. தைவானில் அதே மொழி, அதே குவான் யூ, அதே கன்பூசியஸ் கோயில். 1987-ல் ராணுவச் சட்டத்தை நீக்கினார்கள், 1996-ல் மக்கள் நேரடியாக அதிபரைத் தேர்ந்தெடுத்தார்கள். எங்கள் சிங்கப்பூரில் முக்கால்வாசிப் பேர் சீன வம்சாவளி. எங்கள் ஆட்சி முறை மூன்றாவது விதம். 'சீனப் பண்பாடு இப்படித்தான் ஆளும்' என்று யார் சொன்னாலும் நான் தைவானைக் காட்டுவேன்.

எல்லைக்கோடு எழுதியது:

ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். லடாக்கில் இரண்டு குளிர்காலம் இருந்திருக்கிறேன்.

"அவமான நூற்றாண்டு" என்று சீனர்கள் சொல்வது வேஷம் இல்லை. 1842 நான்ஜிங் உடன்படிக்கையில் ஹாங்காங் போனது. 1895-ல் ஜப்பானிடம் தைவான் போனது. 1901-ல் அந்நியருக்கு எதிரான பாக்ஸர் கலகத்துக்கான தண்டத்தொகை 45 கோடி டேல் (பழைய சீன எடை அளவு) வெள்ளி. அந்த வலி உண்மை. ஆனால் அந்த வலிதான் அவர்களின் எல்லைக் கொள்கையைத் தீர்மானிக்கிறது என்பதை நான் ஏற்கவில்லை. நிலத்தைப் பொறுத்தவரை அவர்கள் இழந்த மிகப் பெரிய பகுதி எது? 1858 ஐகுன், 1860 பெய்ஜிங் உடன்படிக்கைகளில் ரஷ்யாவிடம் போன சுமார் 10 லட்சம் சதுர கிலோமீட்டர். விளாடிவோஸ்டாக் நின்றிருப்பது அந்த மண்ணில். 1991-லும் 2004-லும் ரஷ்யாவோடு எல்லை ஒப்பந்தம் போட்டபோது அதைச் சீனா கேட்கவே இல்லை. தஜிகிஸ்தானிடம் 28,000 சதுர கிலோமீட்டர் உரிமை கோரி, கடைசியில் சுமார் ஆயிரத்தோடு 2011-ல் முடித்துக்கொண்டது.

நிலத்தில் பக்கத்து நாடுகள் 14. பன்னிரண்டோடு எல்லை முடிந்துவிட்டது. மிச்சம் நாமும் பூட்டானும்தான். பர்மா, நேபாளம், பாகிஸ்தான், மங்கோலியா, ஆப்கானிஸ்தான் எல்லாமே 1960 முதல் 1963-க்குள் வரிசையாகக் கையெழுத்தானவை. அந்த வருடங்களைக் கவனியுங்கள். உள்ளே பெரும் பஞ்சம், திபெத்தில் 1959 கிளர்ச்சி. உள்வீட்டில் நெருப்பு பிடித்தபோது வேலித் தகராறுகளை விட்டுக்கொடுத்து முடித்தார்கள்.

நம்மோடு மட்டும் ஏன் முடியவில்லை? திபெத் என்ற உள்வீட்டு நெருப்பில் நமக்குப் பங்கு இருப்பதாக அவர்கள் நினைத்தார்கள். தலாய் லாமா இங்கே வந்தது 1959-ல். ஐந்து வருடத்துக்கு முன்னால்தான் பஞ்சசீலத்தில் கையெழுத்துப் போட்டிருந்தோம். 1962 அக்டோபர் 20-ல் அடித்தார்கள், நவம்பர் 21-ல் தாங்களாகவே போர் நிறுத்தம் அறிவித்தார்கள்.

திருமலை நிலா எழுதியது:

எல்லாரும் நிலத்தைப் பற்றிக் கதைக்கிறீங்கள், நான் கடலைப் பற்றிச் சொல்லுறன்.

கொழும்பு அருங்காட்சியகத்தில ஒரு கல் இருக்கு. மூன்று மொழிக் கல்வெட்டு, சீனம், தமிழ், பாரசீகம். மிங் பேரரசரின்ர கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்தது, 1409-ம் ஆண்டுத் தேதி போட்டிருக்கு. 1911-ல காலியில கண்டெடுத்தவை, ஒரு மதகுக்கு மூடுகல்லா கவிழ்த்துப் போட்டுக் கிடந்ததாம். நான் பள்ளிக்கூடச் சுற்றுலாவில போய்ப் பார்த்தனான். எழுத்துத் தேய்ஞ்சு போச்சு, எங்கட எழுத்தைத் தேடி விரலால தொடப்பார்த்து ரீச்சரிட்டப் பேச்சு வாங்கினது ஞாபகம். சீனப் பகுதி புத்தருக்கு, தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் எண்ட தெய்வத்துக்கு, பாரசீகப் பகுதி அல்லாவுக்கு. மூன்று பேருக்கும் பொன், வெள்ளி, பட்டு எண்டு காணிக்கைப் பட்டியல்.

இதைக் காட்டித்தான் "நாங்கள் கடல் கடந்தும் அமைதியா வந்தனாங்கள், ஒரு அடி நிலமும் பிடிக்கேல்லை" எண்டு பெய்ஜிங் சொல்லுது. செங் ஹ கப்பலேறின ஜூலை 11-ஐ 2005-லயிருந்து கடல்சார் தினமாக் கொண்டாடுகினம். ஆனா அதே செங் ஹ இலங்கையில ஆட்சியாளர் அழகக்கோனாரோட சண்டைபிடிச்சு, அவரைக் குடும்பத்தோட பிடிச்சு நான்ஜிங்குக்குக் கொண்டு போனவர். பேரரசர் பிறகு மன்னிச்சு விட்டவர், இலங்கைக்கு வேற அரசரையும் நியமிச்சவர். காணிக்கையும் உண்மை, படையும் உண்மை. பணிஞ்சு வந்தால் பட்டு, முரண்டு பிடிச்சால் விலங்கு. அதுதான் பழைய திறை முறை. கல்லில பாதிக் கதைதான் இருக்கு.

எங்கட தெற்குக் கரை அம்பாந்தோட்டையைப் பற்றியும் ஒன்று. 2017-ல துறைமுகத்தைச் சீன நிறுவனத்துக்கு 99 வருஷக் குத்தகைக்குக் குடுத்தாச்சு. கடனுக்குப் பதிலாப் பிடுங்கினவை எண்டு சொல்லுறது பிழை, கடன் அப்பிடியே இருந்தது, வந்த டொலர் எங்கட கையிருப்புக்குப் போனது. என்னை உறுத்தினது அந்த எண்தான். 1898-ல பிரிட்டன் ஹாங்காங்கின்ர புதிய பிரதேசங்களைச் சீனாவிட்ட எடுத்ததும் 99 வருஷத்துக்கு. தங்கட பள்ளிப் புத்தகத்தில அவமானம் எண்டு படிக்கிற அதே எண்ணை எங்கட கடற்கரையில எழுதேக்க, அங்க ஒருத்தருக்கும் உறுத்தேல்லையா?

தோழர் கரிசல் எழுதியது:

நிலா, அந்த 99 என்னையும் நிறுத்திவிட்டது. பதில் என்னிடம் இல்லை.

வளவன் சொன்ன சிலி விஷயத்தில் நான் இறங்கி வருகிறேன். சர்வதேசத் தொழிலாளர் ஒற்றுமை அங்கே வெளியுறவை நடத்தவில்லை, சரிதான். நான் சித்தாந்தம் என்று எழுதியபோது மார்க்ஸைவிட லெனினைச் சொல்லியிருக்க வேண்டும். கொள்கையைவிட அமைப்பு முறை. கட்சி உடைந்தால் நாடு உடையும் என்ற நம்பிக்கை. 2013 ஜனவரியில் புதிய மத்தியக் குழு உறுப்பினர்களிடம் ஷி ஜின்பிங் பேசியது பின்னால் கட்சிப் பத்திரிகையிலேயே வந்தது. சோவியத் ஒன்றியம் ஏன் சிதறியது என்று கேட்டு அவரே சொன்ன பதில்: லெனினையும் ஸ்டாலினையும் கட்சியின் வரலாற்றையும் மறுத்தார்கள், சிந்தனை குழம்பியது, ராணுவம் கட்சியின் கையை விட்டுப் போனது. மாவோவுக்குப் பின் தலைமை வகித்த டெங் ஷியாவ்பிங்கும் 1980-லேயே ஒரு இத்தாலியப் பத்திரிகையாளரிடம், ஸ்டாலினுக்கு அவருக்குப் பின் வந்த குருஷேவ் செய்ததை, அதாவது பகிரங்கமாகக் கண்டித்ததை, நாங்கள் மாவோவுக்குச் செய்ய மாட்டோம் என்று சொல்லிவிட்டார். அடுத்த வருடம் கட்சியின் தீர்மானம் மாவோவின் பங்களிப்பு முதன்மை, தவறுகள் இரண்டாவது என்று எழுதி மூடியது.

மனித உரிமை, தேர்தல், தொண்டு நிறுவனம் என்று மேற்கு எதைப் பேசினாலும் அவர்கள் காதில் மாஸ்கோ 1991 விழுகிறது. வெளியுறவுக் கொள்கையின் அடிக்கல் இதுதான் என்பது என் கணிப்பு. யுவான்மிங்யுவானைவிட கிரெம்ளின் கொடி இறங்கிய காட்சிதான் அவர்களின் தூக்கத்தைக் கெடுக்கிறது.

மொழியன் எழுதியது:

பெய்ஜிங்கில் நான்கு வருடம் மொழி படித்தவன், இப்போது வணிக மொழிபெயர்ப்பு என் பிழைப்பு. இந்த இழையில் இன்னும் யாரும் தொடாத இடம் சொல். சீன அரசியலில் பண்பாடும் சித்தாந்தமும் கைகோக்கும் இடம் அதுதான்.

கட்சி வழக்கில் 'தீஃபா' என்று ஒன்று உண்டு. ஒரு விஷயத்தைக் குறிக்க அங்கீகரிக்கப்பட்ட சொற்றொடர். அதில் ஒரு எழுத்து மாறினால் கொள்கை மாறிவிட்டது என்று அதிகாரிகள் புரிந்துகொள்வார்கள். இது லெனினியக் கட்சிப் பழக்கம். ஆனால் மண்ணில் ஏற்கெனவே ஈரம் இருந்தது. ஆட்சி கையில் வந்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்று சீடர் கேட்க, பெயர்களைத் திருத்துவேன் என்றாராம் கன்பூசியஸ். பெயர் சரியில்லை என்றால் பேச்சு பொருந்தாது, பேச்சு பொருந்தாவிட்டால் காரியம் நடக்காது. அருணாசலத்து ஊர்களுக்கும் மலைகளுக்கும் அவர்கள் அவ்வப்போது புதுப் பெயர்ப் பட்டியல் வெளியிடுவதை நாம் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளிவிடுகிறோம். அவர்களுக்கு அது ஆட்சியின் முதல் வேலை.

ஒரு சம்பவம். 2001 ஏப்ரல் 1, ஹைனான் தீவு அருகே அமெரிக்க உளவு விமானமும் சீனப் போர் விமானமும் மோதின. சீன விமானி இறந்தார். அமெரிக்க விமானம் அனுமதியில்லாமல் ஹைனானில் இறங்கியது. உள்ளே இருந்த 24 பேர் பதினொரு நாள் அங்கேயே. சிக்கல் முழுக்க ஒரே சொல்லில். சீனா கேட்டது 'தாவ்சியென்'. அதில் தவறு என்னுடையது என்ற ஒப்புதல் இருக்கிறது. அமெரிக்கா அதைத் தரத் தயாராக இல்லை. கடைசியில் கடிதத்தில் இரண்டு இடங்களில் 'மிகவும் வருந்துகிறோம்' என்று எழுதினார்கள். விமானியின் குடும்பத்துக்கு ஒன்று, வாய்மொழி அனுமதி இல்லாமல் வான்வெளியில் நுழைந்து இறங்கியதற்கு ஒன்று. சீனப் பத்திரிகைகள் அதை 'ஷென்பியாவ் சியென்யி' என்று எழுதின, ஆழ்ந்த வருத்தம் என்று வரும், மன்னிப்புக்கு ஒரு முடி தூரம். இரு பக்கமும் தங்கள் மக்களிடம் தங்கள் சொல்லோடு போனார்கள். விமானிகள் வீடு திரும்பினார்கள். முகம் காப்பது என்று நாம் சொல்கிறோமே, அதன் நடைமுறை இப்படிப்பட்ட மொழிபெயர்ப்பு மேசையில்தான் நடக்கிறது. அந்தக் கடிதத்தை எங்கள் வகுப்பில் மூன்று நாள் படித்தோம்.

இன்னொரு சொல், 'தாவ்குவாங் யாங்ஹுய்'. டெங் காலத்து வழிகாட்டி. ஒளியை மறைத்து, இருளில் வளர். அமெரிக்கர்கள் இதை 'பலத்தை ஒளித்துத் தருணத்துக்குக் காத்திரு' என்று பெயர்த்து, பழிவாங்கக் காத்திருக்கும் திட்டமாகவே படித்தார்கள். சீனர்கள் அதை அடக்கம் என்று விளக்கினார்கள். ஆனால் சீனப் பள்ளிப் பிள்ளைக்கு அந்தச் சொல் யாரை நினைவூட்டும்? யூவே நாட்டு அரசன் கோஜியான். வூ நாட்டிடம் தோற்று அடிமை வேலை பார்த்து, ஊர் திரும்பியபின் விறகின் மேல் படுத்து, தினமும் பித்தப்பையை நக்கி அவமானத்தை மறக்காமல் வைத்து, கி.மு. 473-ல் வூவை அழித்தவன். ஒரே சொல்லில் அடக்கமும் இருக்கிறது, பித்தப்பையும் இருக்கிறது. எது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாததே அந்தச் சொல்லின் பலம்.

2013 அக்டோபரில் அண்டை நாட்டு உறவுக்கான மாநாட்டில் ஷி ஜின்பிங் இதை ஓரம் கட்டி 'ஃபென்ஃபா யோவெய்' என்றார், முனைந்து சாதி. 2019 செப்டம்பரில் கட்சிப் பள்ளி உரையில் 'தௌசெங்', அதாவது போராட்டம், ஐம்பது முறைக்கு மேல் வந்தது. 2022-ல் அது கட்சி விதிகளிலேயே ஏறியது. 'ஓநாய்த் தூதர்கள்' எனப்படும், சண்டைக்குப் பாயும் சீனத் தூதர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்பவர்கள் இந்த மூன்று சொற்களையும் வரிசையாக வைத்துப் பார்க்கலாம். இளம் தூதருக்குப் பதவி உயர்வு எந்தச் சொல்லில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

திருப்பூர் செல்வம் எழுதியது:

மொழியன் தம்பி, படிச்சுட்டு ரெண்டு தடவை மறுபடியும் படிச்சேன். ரொம்ப நன்றி.

சாதாரண சனங்க உணர்ச்சி பத்தியும் ஒண்ணு சொல்லணும். 2012 செப்டம்பர்ல ஜப்பான் அரசு சென்காகு தீவுகளை, அவங்க தியாவ்யூன்னு சொல்றதை, விலைக்கு வாங்குச்சு. ஊர் ஊரா ஊர்வலம், ஜப்பான் கார்களைப் போட்டு உடைச்சாங்க. நான் அந்த வாரம் அங்கதான் இருந்தேன். என் சப்ளையர்கிட்ட ஜப்பான் கார். ராத்திரி உட்கார்ந்து கம்பெனி முத்திரை மேல சிவப்புக் கொடி ஸ்டிக்கரை ஒட்டினார். கண்ணாடியில "கார் ஜப்பானுது, மனசு சீனாவுது"ன்னு எழுதின தாளும். அவருக்கும் ஜப்பான் மேல கோபம்தான், அவங்க தாத்தா ஊரை ஜப்பான் படை எரிச்சிருக்கு. ஆனா அன்னைக்கு அவர் பயந்தது பக்கத்துத் தெரு பசங்களுக்கு. ஒரு வாரத்துல மேலிருந்து உத்தரவு வந்து எல்லாம் அடங்கிடுச்சு. குழாயைத் திருகி மூடின மாதிரி.

எல்லைக்கோடு எழுதியது:

செல்வம் சொன்ன குழாயை யார் பொருத்தியது என்பதும் முக்கியம். 1989 தியானன்மென் மாணவர் போராட்டத்துக்குப் பிறகு மாணவர்களை எப்படிக் கட்டிப்போடுவது என்று யோசித்து, 1994-ல் தேசபக்திக் கல்வி இயக்கம் தொடங்கினார்கள். செல்வம் பார்த்த பென்சில் பிள்ளைகள் அதன் பிள்ளைகள். அதனால் காயம் பொய்யாகாது. ஆனால் எந்தக் காயத்தைக் காட்டுவது என்பது அரசின் தேர்வு. தங்கள் ஆட்சியிலேயே பஞ்சத்தில் செத்த கோடிக்கணக்கானவர்களுக்கு அப்படிச் சுற்றுலா போய்ப் பார்க்க இடிபாடு எதுவும் இல்லை.

சிங்கை வளவன் எழுதியது:

சார், அதோடு தென்சீனக் கடலையும் சேருங்கள். இன்று கம்யூனிஸ்ட் சீனா பிடிவாதம் பிடிக்கும் கடல் எல்லைக் கோடுகளை வரைந்தது கம்யூனிஸ்டுகள் இல்லை. 1947-ல், பின்னால் கம்யூனிஸ்டுகளிடம் தோற்றுத் தைவானுக்குப் போன சியாங் கை ஷேக்கின் அரசு பதினொரு கோடுகளாக வெளியிட்ட வரைபடம். 1950-களில் மக்கள் குடியரசு டோங்கின் வளைகுடாவில் இரண்டை அழித்தது, ஒன்பதாயிற்று. 2016 ஜூலை 12-ல் ஹேக் நடுவர் மன்றம் அந்த வரலாற்று உரிமைக்கு அடிப்படை இல்லை என்றபோது, பெய்ஜிங் மறுத்தது, தைபேயும் மறுத்தது. ஜன்மப் பகையாளிகள் இருவருக்கும் ஒரே வரைபடம். அங்கே பேசுவது மார்க்ஸும் இல்லை, கன்பூசியஸும் இல்லை. இருபதாம் நூற்றாண்டுத் தேசியம், நம் எல்லா நாடுகளிலும் இருக்கும் அதே சரக்கு.

ஆனால் திறை முறையின் வாசனை அடியோடு போய்விட்டது என்றும் சொல்ல மாட்டேன். 2010-ல் ஹனோய் கூட்டத்தில் அன்றைய வெளியுறவு அமைச்சர் யாங் ஜியெச்சி, சீனா பெரிய நாடு, மற்றவை சிறிய நாடுகள், அது உண்மை நிலவரம் என்று சொன்னார். அவர் பார்வை எங்கள் சிங்கப்பூர் அமைச்சர் மேல் இருந்ததாக அப்போதே செய்தி வந்தது. சின்ன நாட்டில் வாழ்பவர்களுக்கு அந்த வாக்கியம் சீக்கிரம் மறக்காது.

மீனாட்சி டீச்சர் எழுதியது:

அமைப்பு, சொல், வரைபடம் எல்லாம் பேசிவிட்டோம். மனிதரை விட்டுவிட்டோம்.

ஷி ஜின்பிங்கின் அப்பா ஷி சோங்ஷுன் துணைப் பிரதமராக இருந்தவர். 1962-ல் ஒரு நாவலின் பேரால் கட்சி விரோதி என்று குற்றம் சாட்டிப் பதவியைப் பறித்தார்கள். மகனுக்கு அப்போது ஒன்பது வயது. 1969-ல் பதினைந்து வயதில் ஷான்சி மாகாணத்து லியாங்ஜியாஹே என்ற கிராமத்துக்கு அனுப்பப்பட்டார். குகை வீடு, தெள்ளுப்பூச்சி, மண் சுமப்பது. ஏழு வருடம். அக்கா ஒருவர் கலாசாரப் புரட்சியில் உயிரிழந்தார். கட்சியில் சேர அவர் போட்ட விண்ணப்பங்கள் திரும்பத் திரும்ப நிராகரிக்கப்பட்டு 1974-ல்தான் ஏற்கப்பட்டது. அப்பா மறுபடி பதவிக்கு வந்தது அதற்கும் நான்கு வருடம் கழித்து, 1978-ல்.

இப்படி ஒரு வாழ்க்கையிலிருந்து ஒருவர் "கட்சியே வேண்டாம்" என்றும் வெளியே வரலாம். இவர் "குழப்பம் வரவே கூடாது, அதற்குக் கட்சி இறுக்கமாக இருக்க வேண்டும்" என்று வந்தார். அதே தலைமுறையில் அதே கிராம வாழ்க்கை வாழ்ந்த எத்தனையோ பேர் வேறு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். ஆகவே பண்பாடோ சித்தாந்தமோ தலைவரைத் தானாக உருவாக்கிவிடாது. ஆனால் இன்று ஒரு மனிதரின் முடிவு இவ்வளவு எடை பெறுவதற்குக் காரணம் அமைப்பு. 2018 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் குடியரசுத் தலைவர் பதவிக்கான இரண்டு முறை வரம்பை நீக்க வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 2,958, எதிர்ப்பு 2, நடுநிலை 3. அந்த இரண்டு பேர் யார் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

2021 ஜூலையில் கட்சியின் நூற்றாண்டு உரையில் மார்க்சியத்தைச் சீனாவின் சிறந்த மரபுப் பண்பாட்டோடு இணைக்க வேண்டும் என்றார். செல்வத்தின் நண்பர் வீட்டில் சிலையும் செயலியும் சண்டையில்லாமல் இருப்பதற்கு இப்போது கட்சியின் ஒப்புதலும் கிடைத்துவிட்டது.

திருமலை நிலா எழுதியது:

டீச்சர், "சிறந்த" மரபு எண்டு சொல்லேக்கயே எது சிறந்தது எண்டு ஆர் தீர்மானிக்கிறது எண்ட கேள்வி வருதே. திபெத்துப் பிள்ளையளின்ர மொழி, உய்குர் ஆக்களின்ர தொழுகை அந்தப் பட்டியலில வருமோ?

மொழியன் எழுதியது:

நிலா, அந்த உரையில் இருக்கும் சொல் 'சோங்ஹுவா'. எல்லா இனங்களும் அடங்கிய சீனம் என்பது அதன் அதிகாரபூர்வப் பொருள். உதாரணமாக எடுத்துக்காட்டப்படும் மேற்கோள்கள் ஹான் மக்களின் செவ்வியல் நூல்களிலிருந்து வருகின்றன. நீங்கள் கேட்டதன் பதில் அந்த இடைவெளியில் இருக்கிறது.

திருப்பூர் செல்வம் எழுதியது:

நேத்து வீசாட்ல சப்ளையர்கிட்ட பேசினேன். அரசியல் கேக்கல, அது அவருக்கு நல்லதில்ல. குடும்பத்தைப் பத்திக் கேட்டேன்.

அவங்க வம்சத்துக்கு 'சூபு'ன்னு குலநூல் உண்டாம். எந்தத் தலைமுறையில யார் பிறந்தாங்க, யாரைக் கட்டினாங்க, எங்க புதைச்சாங்கன்னு பல நூறு வருஷத்துப் பதிவு. 1966-ல அதை முற்றத்துல போட்டு எரிச்சிருக்காங்க. எரிச்சவங்கள்ல அவரோட சித்தப்பாவும் ஒருத்தர். இன்னொரு கிளைக்காரங்க ஒரு படியைச் சுவர்ல வெச்சுப் பூசி மறைச்சதால பாதி தப்பிச்சுது. சில வருஷம் முன்னாடி எல்லாரும் பணம் போட்டுப் புதுசா அச்சடிச்சாங்க, பெரும்பங்கு இவரோடது. வெளியீட்டு நாள்ல பன்னி அறுத்து விருந்து, வெடி வெடிச்சு, ஊர்க் கட்சிக் கிளைச் செயலாளரும் வந்து முதல் வரிசையில உட்கார்ந்திருக்கார். எரிச்ச சித்தப்பாவும் வந்தாராம், எண்பது வயசுக்கு மேல. படத்துல அவர் கையில புத்தகம் இருக்கு, திறக்கல.

எல்லைக்கோடு சார் சொன்னது மனசுல இருந்துச்சு. பஞ்ச வருஷத்துல போனவங்களைப் பத்தி அந்த நூல்ல என்ன எழுதியிருக்குன்னு கேட்டேன். ரொம்ப நேரம் கழிச்சுப் பதில் வந்துச்சு. பேரும், பிறந்த வருஷமும், 1960-ங்கிற எண்ணும் மட்டும்தானாம். அப்படிப் பதினோரு பேர், அதுல ஆறு பேர் குழந்தைங்க. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புறேன்னு சொன்னார். இன்னும் அனுப்பல. நானும் கேக்கல.